தலைப்பிரசவமும் இரண்டு வீடுகளும்

தமிழ்க் குடும்பங்களில் முதல் குழந்தைக்காகக் காத்திருக்கும் மாதங்கள் இரண்டு வீடுகளுக்குப் பொதுவானவை. முழுகாமல் இருக்கும் பெண் ஏழாம் மாதம் வரை கணவன் வீட்டில் இருந்துவிட்டு, வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீடு சென்று, பேறுகாலம் கழிந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையுடன் திரும்புவது தலைப்பிரசவத்துக்கென்று நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு; செலவு, பத்தியம், இரவுக் கண்விழிப்பு ஆகிய எல்லாவற்றையும் இரு வீட்டுப் பெண்களும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள அது வழிசெய்தது. அந்த ஏற்பாடு உருவான காலத்தில் இரண்டு வீடுகளும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில், காலையில் வண்டி கட்டினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரும் தொலைவில் இருந்தன. மாமியார், நாத்தனார், ஓரகத்தி, மருத்துவச்சி, தெருவில் நான்கைந்து பெற்று வளர்த்த பெரியவர்கள் என்று பத்துப் பெண்கள் சூழ்ந்திருந்த அந்த மாதங்களில் கணவனுக்கென்று வேலை எதுவும் ஒதுக்கப்படவில்லை. மும்பைப் பெருநகரத்தின் வடகிழக்கு எல்லையில், உல்லாஸ்நகரின் இரண்டு அறை வீடொன்றில் குடியிருக்கும் தமிழ் இளந்தம்பதிக்கு அந்தப் பத்துப் பெண்களும் இல்லை. அவர்கள் செய்துவந்த வேலைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றுள் எவ்வளவைக் கணவன் கற்றுக்கொள்கிறான் என்பதைப் பொறுத்தே இன்று அந்த ஒன்பது மாதங்களும் இலகுவாகவோ கடினமாகவோ அமைகின்றன.

உல்லாஸ்நகர் தொடக்கத்திலிருந்தே வேறிடங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கல்யாணுக்கு அருகே படைவீரர்கள் தங்கிச் செல்வதற்காகக் கட்டப்பட்ட முகாம்களில், 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பிறகு சிந்து மாகாணத்திலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு லட்சம் அகதிகள் குடியமர்த்தப்பட்டார்கள்; அப்போது இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த ராஜாஜி 1949 ஆகஸ்ட் 8 அன்று அந்தக் குடியிருப்புக்கு, அருகில் ஓடும் ஆற்றை ஒட்டி, உல்லாஸ்நகர் என்று பெயர் சூட்டினார். ஊரின் பகுதிகள் இன்றும் கேம்ப் 1 முதல் கேம்ப் 5 வரை எண்களாலேயே அழைக்கப்படுகின்றன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5,06,098 பேர் வாழும் இந்த நெரிசலான நகரத்துக்குத் தமிழர்கள் வந்து சேர்ந்ததற்கு முதன்மையான காரணம் வீட்டு வாடகை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், கல்யாணம் ஆனதும் அங்கேயே தனி வீடு பிடிக்க வழியில்லாமல், டோம்பிவிலி, கல்யாண், உல்லாஸ்நகர், அம்பர்நாத் என்று ரயில் பாதையை ஒட்டியே வெளியே நகர்ந்திருக்கிறார்கள். தனிக்குடித்தனம் கைகூடிய அதே நாளில் உறவின் நெருக்கம் ஐம்பது கிலோமீட்டர் பின்னால் போய்விடுகிறது. அந்த இழப்பின் அளவு, வீட்டில் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போகும் போதுதான் முழுவதும் தெரியவருகிறது.

மருத்துவர்கள் கருவின் வயதைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி, 280 நாள், அதாவது 40 வாரம் என்று கணக்கிடுகிறார்கள். இதனால், நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் கழித்துச் சோதனை அட்டையில் இரண்டு கோடுகளைப் பார்க்கும் பெண் அப்போதே ஐந்து வாரக் கர்ப்பிணியாகக் கணக்கில் வந்துவிடுகிறாள். முதன்முறையாக இதைக் கேட்கும் தம்பதிகள் குழம்புவது இயல்பே. அடுத்த ஓரிரு வாரங்களில் மசக்கை தொடங்குகிறது. குமட்டலும் வாந்தியும் வாசனை ஒவ்வாமையும் ஒருபுறம், குறிப்பிட்ட ஒன்றைத் தின்ன வேண்டும் என்ற அடங்காத ஆசை மறுபுறம் என இரண்டையும் அந்த ஒரு சொல் சுட்டுகிறது. ஆசையை மட்டும் குறிக்கப் பழந்தமிழில் வயா என்ற சொல் இருந்தது. குறுந்தொகையின் 287-ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீரைச் சுமந்துகொண்டு மெல்ல மேலேறும் கார்மேகங்களுக்கு உவமையாகப் புளிக்கு ஏங்கும் நிறைசூல் பெண்களைக் காட்டுகிறார். புளிப்பின் மீதான அந்த ஏக்கம் இன்றுவரை மாறவில்லை. குமட்டலுக்கான காரணத்தை அறிவியல் அண்மையில்தான் நெருங்கிக் கண்டிருக்கிறது. கருவும் நச்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் தாயின் குருதியில் கலந்து மூளையின் குமட்டல் மையத்தைத் தூண்டுகிறது என்றும், கருவுறுவதற்கு முன் உடலில் அந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களே கூடுதலாக அவதிப்படுகிறார்கள் என்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மசக்கையைப் பெண்ணின் செல்லம் என்றோ மனப்பிரமை என்றோ ஒதுக்கிவந்த பேச்சுக்கு இனி இடமில்லை.

இரண்டு அறை வீட்டில் இதன் விளைவு உடனே தெரியும். சமையலறைக்கும் படுக்கைக்கும் இடையில் ஒரு தடுப்புச் சுவர்தான் இருக்கிறது. வெங்காயம் வதக்கும் வாசனையிலிருந்து விலகி நிற்க மாடமோ திண்ணையோ கிடையாது. சொந்த ஊரில் மாமியாரோ ஓரகத்தியோ அடுப்படிக்குள் நுழைந்திருப்பார்கள். இங்கே, அதுவரை வெந்நீர் மட்டுமே வைத்துப் பழகிய இளைஞன், ‘என்னங்க, தாளிக்காதீங்க’ என்று உள்ளறையிலிருந்து வரும் குரலைக் கேட்டு, தாளிக்காத ரசமும் குழைந்த சோறும் சுட்ட அப்பளமும் செய்யக் கற்றுக்கொள்கிறான். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே வறட்டு ரொட்டியோ பொரியோ இரண்டு வாய் மென்றால் காலைக் குமட்டல் சற்றுத் தணியும், வயிற்றைக் காலியாக விடாமல் சிறிது சிறிதாக ஆறு வேளை உண்ண வேண்டும் என்பவற்றை மருத்துவர் சொல்வதற்கு முன்னரே பக்கத்து வீட்டுச் சிந்திப் பெண்மணி சொல்லிவிடுவார். உல்லாஸ்நகரில் தமிழ்க் கர்ப்பிணிக்குக் கிடைத்துள்ள தனிப் பேறு அந்த ‘பாபி’யின் கைப்பக்குவம். சிந்திக் கடி என்பது கடலை மாவை எண்ணெயில் வறுத்து, புளி கரைத்து ஊற்றி, முருங்கைக்காயும் வெண்டைக்காயும் போட்டுக் கொதிக்கவைக்கும் குழம்பு. மோர் சேர்க்கும் மற்ற வட இந்தியக் கடிகளைக் காட்டிலும் இது நம் புளிக்குழம்புக்கே நெருக்கமானது. சாயி பாஜி என்பது பாலக்கீரையோடு கடலைப்பருப்பையும், சுக்கான்கீரை என்று நாம் சொல்லும் புளிப்புக் கீரையையும் வேகவைத்துக் கடைவது. புளிப்பு இருப்பதால் மசக்கைக்காரிக்கு இறங்கும். கீரை இருப்பதால் உடம்புக்கு வேண்டியதும் சேரும்.

கீரைக்கும் கர்ப்பத்துக்கும் உள்ள உறவு கண்டறியப்பட்ட கதையில் மும்பைக்கும் தமிழகத்துக்கும் நேரடிப் பங்கு உண்டு என்பது பரவலாக அறியப்படவேண்டிய செய்தி. முதல் பரிசோதனையிலேயே கர்ப்பிணியின் கையில் கொடுக்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரையின் வரலாறு மும்பைப் பருத்தி ஆலைத் தொழிலாளப் பெண்களிடமிருந்து தொடங்குகிறது. 1920-களில் அந்தப் பெண்கள் பலர் கர்ப்பக் காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தார்கள். குருதியின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் இயல்பை விடப் பெருத்தும் காணப்பட்ட அந்த நோய்க்குக் காரணம் விளங்கவில்லை. மருத்துவர் மார்கரெட் பால்ஃபரின் அழைப்பை ஏற்று 1928-இல் லண்டனிலிருந்து வந்த லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவ ஆய்வாளர், பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்துகொண்டு, நோய்க் கிருமியைத் தேடுவதோடு நில்லாமல், அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். காய்கறியும் கீரையும் பழமும் எட்டாத ஏழைத் தொழிலாளிகளிடம் இருந்த நோய், நல்ல உணவு உண்ட வசதியுள்ள பெண்களிடம் அரிதாக இருந்தது. குன்னூரிலும், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படும் சென்னைத் திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. அந்தப் பெண்கள் உண்டதைப் போன்ற உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் அதே சோகை வந்ததையும், ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்ற மலிவான சாறு குரங்குகளையும் பெண்களையும் ஒருங்கே குணப்படுத்தியதையும் அவர் கண்டார். அவருடைய கட்டுரை 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. மார்மைட்டில் இருந்த பொருள் இன்னதென்று அறியாத நிலையில் ‘வில்ஸ் காரணி’ என்று வழங்கப்பட்ட அது, 1941-இல் பாலக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

அந்த அமிலத்துக்கு இன்னொரு பணியும் உண்டென்பது பின்னர் தெரியவந்தது. குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவேண்டிய நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. போதிய ஃபோலிக் அமிலம் இல்லாவிட்டால் அது சரியாக மூடாமல் போகும் வாய்ப்புக் கூடுகிறது. தான் கருவுற்றிருப்பதைப் பெண் அறிவதற்கும் நரம்புக்குழல் மூடுவதற்கும் இடையில் சில நாட்களே இருப்பதால், குழந்தைக்குத் திட்டமிடும் போதே மாத்திரையைத் தொடங்கிவிடுவது நல்லது என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். நம் குடும்பங்களில் இந்த அறிவுரை போய்ச் சேர்வது மிகவும் அரிது; கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள் இதையும் சொல்லி அனுப்பினால் எவ்வளவோ பயன் உண்டு.

நான்காம் மாதம் தொடங்கிப் பேறுகாலம் வரை குறைந்தது 180 நாட்களுக்கு, 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கிய சிவப்பு மாத்திரை அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளுள் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது அவர்களுடைய குருதியில் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்கும் குறைவாகவே ஹீமோகுளோபின் இருக்கிறது. மாத்திரை கையில் இருந்தும் இந்த நிலை நீடிப்பதற்குப் பல காரணங்கள் உண்டென்றாலும், வீட்டுக்குள் திருத்தக்கூடிய காரணங்கள் எளியவை. சிவப்பு மாத்திரை வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கலை உண்டாக்கும், மலத்தைக் கறுப்பாக்கி அச்சுறுத்தும். அதைத் தேநீரோடு விழுங்கினால் தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையோடு ஒருசேரப் போட்டாலும் அப்படியே. எனவே இரவு உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு சிவப்பு மாத்திரை, காலை உணவோடு கால்சியம் என்று பிரித்துக்கொள்வது பயன் தருகிறது. உல்லாஸ்நகர் வீடு ஒன்றில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் நாள்காட்டித் தாள் ஒட்டி, விழுங்கிய நாளுக்கெல்லாம் கணவனே பேனாவால் வட்டமிட்டு வருகிறான் என்றால், ஒரு காலத்தில் மாமியார் கையில் இருந்த கண்காணிப்பு அவனிடம் வந்துவிட்டது என்று பொருள்.

பரிசோதனைகளுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 12 வாரத்துக்குள் முதலாவது, 14 முதல் 26 வாரத்துக்குள் இரண்டாவது, 28 முதல் 34 வாரத்துக்குள் மூன்றாவது, 36-ஆம் வாரத்துக்குப் பின் நான்காவது என்று குறைந்தது நான்கு முறை பார்க்கவேண்டும் என்கிறது இந்திய அரசின் வழிகாட்டுதல். உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் எட்டு முறையைப் பரிந்துரைக்கிறது. அதே 2016-இல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் மருத்துவர்கள் கர்ப்பிணிகளை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம், வயிற்றின் உயரம் ஆகிய எல்லாம் தாய்–சேய் பாதுகாப்பு அட்டையில் பதிவாகின்றன. மராத்தியில் அச்சான அந்த அட்டையை வாசிப்பதில் மனைவி தடுமாறினால், மும்பையிலேயே படித்து வளர்ந்த கணவன் வாசித்துச் சொல்கிறான். கணவன் ஊரிலிருந்து வந்தவனாகவும் மனைவி தாராவியில் வளர்ந்தவளாகவும் இருந்தால் வாசிப்பவர் மாறுகிறார். இந்தப் பரிசோதனைகளுள் ஒன்று சென்னையிலிருந்து நாடு முழுவதற்கும் போனது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கர்ப்பிணிக்குக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குருதியில் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டுகிறதா என்று பார்ப்பதே அது. முன்பு சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே தடவையில் முடிந்துவிடும் இந்த முறையை, வெறும் வயிற்றோடு மீண்டும் மீண்டும் வர இயலாத ஏழைப் பெண்களை மனத்தில் கொண்டு பரப்பியவர் சென்னை நீரிழிவு மருத்துவர் வீ. சேஷையா, அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இளந்தம்பதியின் அன்றாடத்தில் மிகக் கடினமான பகுதி ரயில்தான். கல்யாணிலிருந்து கர்ஜத் செல்லும் பாதையில் உள்ள உல்லாஸ்நகர் நிலையம் மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து ஏறத்தாழ 58 கிலோமீட்டர். காலை நேரத்தில் கர்ஜத், பத்லாபூர் பக்கமிருந்து வரும் வண்டிகள் உல்லாஸ்நகரை அடையும்போதே நிரம்பிவிட்டிருக்கும். இருக்கை வேண்டுபவர்கள் எதிர்த்திசை வண்டியில் ஏறிப் பின்னோக்கிப் போய், அதே வண்டி திரும்பும்போது உட்கார்ந்தபடி வருவார்கள். கர்ப்பிணிக்கு இதனால் அரை மணி நேரமாவது கூடுதலாகிறது, ஆனாலும் நிற்பதைவிட அது மேல். ஊனமுற்றோர் பெட்டியில் புற்றுநோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறலாம் என்று ரயில்வே அனுமதித்திருப்பது பலருக்குத் தெரியாது. வயிறு வெளியே தெரியாத முதல் மூன்று மாதங்களில், மயக்கமும் குமட்டலும் மிகுந்திருக்கும் போதுதான், அங்கே ஏறுவதற்குக் கூச்சம் தடுக்கிறது. மகளிர் பெட்டியில் வேறொரு நெறி இயங்குகிறது. எங்கே இறங்குவீர்கள் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டு அவளுடைய இடத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளும் அந்தப் பெட்டியில், மூவர் அமரும் பலகையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் நான்காவது இடம் யாருக்கு என்பதற்கும் வரிசை உண்டு; ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அந்த வரிசைகளையெல்லாம் தாண்டி, யாரும் யாரையும் கேட்காமலே, சன்னலோர இடம் கர்ப்பிணிக்குப் போய்விடுகிறது.

வேலைக்குப் போகும் எல்லாப் பெண்களுக்கும் விடுப்பு வாய்ப்பதில்லை. 1961-ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பயன் சட்டம் 2017-இல் திருத்தப்பட்ட போது, பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் ஊதியத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. பேற்றுக்கு முன்பே அதில் 8 வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம். பின்னர் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த 26 வாரத்தை அப்படியே வைத்திருக்கிறது. உல்லாஸ்நகரின் பெயர்பெற்ற ஜீன்ஸ் தொழிலில், தைத்து வந்த கால்சட்டைகளின் பிசிர் நூலை வீட்டில் உட்கார்ந்து வெட்டிக் கொடுத்து எண்ணிக்கைக்குக் கூலி பெறும் பெண்ணுக்கு இந்தச் சட்டம் எதையும் தருவதில்லை. குனிந்தே அமர்ந்து செய்யும் அந்த வேலையை எட்டாம் மாதத்தில் விட்டால் வருமானமும் அன்றோடு நிற்கிறது. முதல் குழந்தைக்கு மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் இரண்டு தவணையாகத் தரும் 5,000 ரூபாய் அந்த இழப்பை ஈடுகட்டப் போதவே போதாது. கணவனுக்கான விடுப்பு மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியார் நிறுவனத்தில் அது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு வருகிறது. கருவில் உள்ள குழந்தைக்கு அம்மாவின் கைவளை ஓசை கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வதை மருத்துவமும் மறுப்பதில்லை. 25 அல்லது 26 வாரம் ஆகும்போது வெளி ஓசைக்குக் குழந்தை அசைந்து மறுமொழி தருகிறது, ஏழாம் மாதக் கணக்கும் அதை ஒட்டியே அமைகிறது. வேப்பிலைக் காப்பும் கண்ணாடி வளையலும் சந்தனமும் பன்னீரும், புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் ஆகியவை அடங்கிய கட்டுச்சோறும் எங்கும் ஒன்றே. பொருள் வாங்க உல்லாஸ்நகரிலிருந்து மாட்டுங்காவுக்குத்தான் போகவேண்டும். உதிரி மல்லிகை, தொடுத்த கதம்பம், வாழையிலை, மஞ்சள் கிழங்கு எல்லாம் ஒரே தெருவில் கிடைப்பது அங்கேதான். மராத்தியர்களிடையே இதே மாதத்தில் நடப்பது டோஹாளே ஜேவண். டோஹாளே என்றால் மசக்கை ஆசை. ஜேவண் என்றால் விருந்து. பச்சைப் புடவை, பச்சை வளையல், பூவால் செய்த நகைகள் அணிந்து அலங்கரித்த ஊஞ்சலில் கர்ப்பிணி உட்கார, அவள் ஆசைப்பட்டதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். உல்லாஸ்நகர்த் தமிழ் வீடுகளின் வளைகாப்பில் இப்போது அந்தப் பூநகையும் ஊஞ்சலும் வந்து கலந்துவிட்டன. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கூடவே வந்திருக்கும் ஒரு விளையாட்டுதான் யோசிக்கவைக்கிறது. மூடிய இரண்டு கிண்ணங்களுள் ஒன்றைக் கர்ப்பிணி திறந்து, பேடா இருந்தால் ஆண், பர்ஃபி இருந்தால் பெண் என்று சுற்றியிருப்பவர்கள் ஆர்ப்பரிப்பார்கள். கருவின் பாலினத்தை அறியும் சோதனைகளை இந்தியாவிலேயே முதலில் 1988-இல் சட்டம் இயற்றிக் கட்டுப்படுத்தியது மகாராஷ்டிரம். நாடு தழுவிய சட்டம் 1994-இல்தான் வந்தது. எல்லா ஸ்கேன் மையங்களிலும் அந்தத் தடை பலகையாகத் தொங்கும் மாநிலத்தில், பேடா வந்ததும் எழும் கைதட்டல் பர்ஃபிக்கும் அதே அளவு எழுகிறதா என்பதைக் கூடியிருப்பவர்கள் கவனித்துப் பார்க்கவேண்டும்.

வளைகாப்பு முடிந்ததும் பேறு எந்த ஊரில் என்ற முடிவை எடுக்கவேண்டும். தம்பதியின் ஒன்பது மாத வாழ்க்கையில் இதைவிடக் கனமான முடிவு வேறில்லை. தாய்வீடு திருநெல்வேலிப் பக்கம் என்றால், கல்யாணில் ஏறி ஒன்றரை நாள் பயணம். ஸ்லீப்பர் பெட்டி ஒன்றுக்கு ஆறு அல்லது ஏழு கீழ்ப்படுக்கைகள் முதியோருக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்குமான ஒதுக்கீட்டில் இருக்கின்றன. டாக்டர் சான்றிதழோடு முன்பதிவு செய்தால் அது கிடைக்கும். விமானத்தில் போக நினைப்பவர்கள் 36-ஆம் வாரத்துக்கு வெகு முன்பே கிளம்பிவிடவேண்டும். போய்ச் சேர்ந்த பின்புதான் ஏட்டுச் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் அனைவரையும் பிக்மி என்ற இணையப் பதிவேட்டில் சேர்த்து 12 இலக்க எண் தருகிறார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் கேட்கப்படுவதால், வெளிமாநிலத்திலிருந்து பேற்றுக்காக வருபவளும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் போய்ப் பதிந்துகொண்டாக வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேற்று உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயோ, கருவுற்ற 12 வாரத்துக்குள் அங்கே பதிந்தவர்களை முன்னிட்டு வகுக்கப்பட்டது. ஏழாம் மாதத்தில் வந்து இறங்குபவளுக்கு அது எட்டாது. குழந்தை பிறந்த இடத்தில்தான் பிறப்பு பதிவாகும், 21 நாட்களுக்குள் பதியவேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு போன்றவற்றுக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்றாகிவிட்டதால், அதில் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் ஏறுவதை அங்கேயே சரிபார்த்துவிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மருத்துவத் தொடர்ச்சி. 30 வாரம் ஒரு மருத்துவர் பார்த்த உடம்பை, 31-ஆம் வாரத்தில் முன்பின் அறியாத இன்னொருவர் பார்க்கிறார். மராத்தி அட்டையும் ஸ்கேன் அறிக்கைகளும் கைப்பையில் இல்லாவிட்டால், ஆரம்ப மாதங்களில் இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். அழுத்தம் ஏறுகிறதா என்பது அந்தப் பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

இரண்டாம், மூன்றாம் தலைமுறை மும்பைத் தமிழ்ப் பெண்களுக்குத் தாய்வீடு என்பதே தாராவித் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தாக இருக்கிறது. வீடு ஒற்றை அறைதான் என்றாலும், கூப்பிடு தூரத்தில் அத்தையும் பெரியம்மாவும் சித்தியும் உண்டு. நடந்து போகும் தொலைவில் சயான் ஆஸ்பத்திரி என்று வழங்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கி ஒன்று ஆசியாவிலேயே முதன்முதலாக 1989-இல் தொடங்கப்பட்டது அங்கேதான். அதைத் தொடங்கிய குழந்தை மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ், மருத்துவமனைக்கு வருமுன்பே தாய்மாரைக் குடியிருப்புகளில் சந்திக்கவேண்டும் என்று உணர்ந்து 1999-இல் ஸ்நேஹா என்ற அமைப்பையும் நிறுவினார். உல்லாஸ்நகரிலும் அரசு மகப்பேற்று மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் உட்படப் பேறு முழுவதும் இலவசம் என்பது 2011 முதல் நாடெங்கும் நடைமுறை. தாயே மகளிடம் வந்து இரண்டு மாதம் தங்குவது இப்போது பெருகிவரும் மூன்றாவது வழி. மருத்துவத் தொடர்ச்சியும் அறுபடாமல், குழந்தை பிறக்கும்போது தகப்பனும் ஊரில் இருக்கும் ஒரே ஏற்பாடு அதுதான் என்பதால், இயன்றவர்கள் அதைத் தேர்வது நன்று.

பிறக்கும்போது தகப்பன் ஊரில் இருந்தாலும் பேற்றறைக்குள் போவது வேறு செய்தி. பேற்று நேரத்தில் பெண்ணுக்குத் துணையாக ஒருவர் உடனிருக்க அரசு மருத்துவமனைகள் இடம்தர வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் அறிவுறுத்தியது; ஒரே கூடத்தில் பல பெண்கள் வலியோடு படுத்திருக்கும் இடங்களில் அந்தத் துணை, தானும் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணாகவே இருக்கமுடிகிறது. கணவன் வராந்தாவில் நிற்கிறான். மனைவியின் பேற்றில் கணவனுக்கும் ஒரு சடங்கு முறையான இடத்தைத் தந்த சமூகங்கள் உலகில் பல உண்டு. மானிடவியலில் கூவாட் என்று அழைக்கப்படும் அந்த வழக்கத்தில், மனைவி பெற்றதும் கணவன் படுக்கையில் படுத்து, பத்தியமும் மருந்தும் உண்பான். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூல், நம் குறவர் சமூகத்தில் அந்த வழக்கம் இருந்ததைப் பதிவுசெய்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதை விந்தை என்றே எழுதினார்கள். பெற்றவளின் அருகில் தகப்பனுக்கும் ஒரு படுக்கை போட்ட அந்த மக்கள், மற்றவர்கள் விட்டுவிட்ட ஒன்றைப் புரிந்துவைத்திருந்தார்கள் என்றே கொள்ளவேண்டும்.

மனைவி ஊருக்குப் போய்விட்ட வீட்டில் எஞ்சியிருக்கும் கணவனுடைய நாட்கள் தொலைபேசியைச் சுற்றியே கழிகின்றன. குழந்தை அசைகிறதா, சிவப்பு மாத்திரை போட்டாயா, கால் வீங்குகிறதா, தலை வலிக்கிறதா என்று ரயிலிலிருந்தே கேட்கிறான். அதற்கிடையில் செய்துமுடிக்க வேண்டிய வேலைகளுள் ஒன்று தூளி. ஊர் வீட்டில் விட்டத்தில் கயிறு போட்டால் முடிந்துவிடும் வேலை அது. உல்லாஸ்நகரின் கான்கிரீட் கூரையில் விட்டம் இல்லை. இயந்திரம் கொண்டுவரச் செய்து, தளத்தில் துளையிட்டு, இரும்புக் கொக்கியை முடுக்கி, சங்கிலி மாட்டி, அம்மா கொடுத்துவிட்ட பழைய நூல் சேலையை இரட்டையாக மடித்துக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்து ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்டு, காலையில் எழுந்ததும் கொக்கியைச் சுற்றிச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறதா என்று தரையைத் தடவிப் பார்க்கிறான்.